யாருடைய பிள்ளைக்கு விலக்கு? கெட்டோ தலைவர்களை எடைபோடுவது குறித்து

இரண்டாம் உலகப் போரின்போது போலந்தின் லோட்ஸ் நகரில் நாஜி ஜெர்மனி யூதர்களை அடைத்துவைத்த பகுதி லோட்ஸ் கெட்டோ. அதைப் பற்றி எழுதுகிறவர்கள் தவறாமல் மேற்கோள் காட்டும் உரை ஒன்று உண்டு. 1942 செப்டம்பர் 4 அன்று பிற்பகல், தீயணைப்பு நிலையத்தை ஒட்டிய திடலில் திரண்டிருந்த மக்களிடம் கெட்டோவின் 'யூத மூத்தவர்', அதாவது ஜெர்மானியர் நியமித்த யூதத் தலைவர், ஹைம் ரும்கோவ்ஸ்கி பேசினார். 10 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள், 65 வயதைக் கடந்தவர்கள், நோயாளிகள் ஆகியோரை ஒப்படைக்கும்படி ஜெர்மானியர் உத்தரவிட்டிருந்தார்கள். கேட்ட எண்ணிக்கை 24,000. கெஞ்சி அதை 20,000 ஆகக் குறைத்திருப்பதாக அவர் சொன்னார். உடலைக் காப்பாற்ற உறுப்புகளை வெட்டித்தான் ஆக வேண்டும் என்றார். பிறகு கைகளை நீட்டி, "தாய்மாரே, தந்தையரே, உங்கள் பிள்ளைகளை என்னிடம் கொடுங்கள்" என்று கேட்டார்.

படிக்கிற எவரையும் உலுக்கிவிடும் உரை அது. ஆனால் அவர் மீதான விவாதம் பெரும்பாலும் அந்த உரையிலேயே தேங்கிப்போகிறது என்பது என் எண்ணம். அதே வாரத்தில் நடந்த இன்னொரு ஏற்பாட்டைத்தான் நான் முக்கியமாகக் கருதுகிறேன். வீடு வீடாகப் புகுந்து குழந்தைகளையும் முதியவர்களையும் பிடித்துத் தரும் வேலை யூதக் காவலர்களிடமும் தீயணைப்பு வீரர்களிடமும் கொடுக்கப்பட்டது. அதற்கு ஈடாக அவர்களுடைய பிள்ளைகளுக்கும் குடும்பத்தினருக்கும் விலக்கு வழங்கப்பட்டது. பட்டறை மேலாளர்கள், உயர் அலுவலர்கள் ஆகியோரின் குழந்தைகளும் அந்த வட்டத்துக்குள் வந்தார்கள். எண்ணிக்கை முன்கூட்டியே முடிவாகிவிட்ட ஒரு நாடுகடத்தலில் ஒரு குழந்தைக்கு விலக்கு என்றால் அதன் இடத்தில் வேறொரு குழந்தை ஏற வேண்டும். செல்வாக்கு இல்லாத வீட்டுக் குழந்தை ஏறியது.

அந்த நாட்களில் கெட்டோ பதிவு அலுவலகத்தின் முன் பெற்றோர் முண்டியடித்தார்கள். ஒன்பது வயதுக் குழந்தையைப் பதினொன்றாக மாற்ற வேண்டும், 66 வயதுத் தாயை 63 ஆக்க வேண்டும். வேலை செய்யும் வயது என்று ஒரு தாளில் இருந்தால் போதும், பிழைத்துக்கொள்ளலாம் என்ற நம்பிக்கை. செப்டம்பர் 5 முதல் யாரும் வீட்டைவிட்டு வெளியே வரக் கூடாது என்ற முழு ஊரடங்கு நடைமுறைக்கு வந்தது. யூதக் காவலர்கள் தொடங்கிவைத்த வேட்டையை ஓரிரு நாட்களில் ஜெர்மன் போலீஸ் நேரடியாக எடுத்துக்கொண்டது. குடியிருப்பு முற்றங்களில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார்கள், பார்வையாலேயே பொறுக்கினார்கள், தயங்கியவர்களை அங்கேயே சுட்டார்கள். தாளில் மாற்றிய வயதை யாரும் கேட்கவில்லை. செப்டம்பர் 12-க்குள் 15,000-க்கும் மேற்பட்டவர்கள் செல்ம்னோ கொலை முகாமுக்கு அனுப்பப்பட்டு நச்சு வாயு வண்டிகளில் கொல்லப்பட்டார்கள்.

இந்த அமைப்பு எப்படி உருவானது என்று தெரியாமல் ரும்கோவ்ஸ்கியையோ மற்றவர்களையோ புரிந்துகொள்ள முடியாது. போலந்து மீதான படையெடுப்பு தொடங்கி மூன்று வாரங்கள்கூட முழுதாக முடியாத நிலையில், 1939 செப்டம்பர் 21 அன்று, பாதுகாப்புப் போலீஸின் தலைவர் ரைன்ஹார்ட் ஹைட்ரிஹ் தன் படைப்பிரிவுகளுக்கு ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். ஒவ்வொரு யூதச் சமூகத்திலும் செல்வாக்குள்ளவர்களையும் ரபிகள் எனப்படும் மதகுருக்களையும் கொண்டு 24 பேர் வரையிலான 'மூத்தோர் குழு' ஒன்றை அமைக்க வேண்டும். இனி வரும் உத்தரவுகளைச் சரியாகவும் நேரத்துக்கும் நிறைவேற்றுவதற்கு அந்தக் குழுவே முழுப் பொறுப்பு. யூடன்ராட் என்று பின்னர் அறியப்பட்ட யூத மன்றங்களின் பிறப்பு இதுதான்.

மக்கள்தொகைக் கணக்கு எடுப்பது, கட்டாய வேலைக்கு ஆள் அனுப்புவது, ரேஷன் பங்கிடுவது, துரத்தப்பட்டு வந்த குடும்பங்களுக்கு இடம் ஒதுக்குவது, மருத்துவமனை, அநாதை இல்லம், கழிவகற்றல் எல்லாம் மன்றத்தின் தலையில் விழுந்தன. இந்த ஏற்பாட்டின் கொடூரம் கலப்பில்தான் இருக்கிறது. காலையில் காய்ச்சல் பரவாமல் தடுக்கச் சுகாதாரக் குழுவை அனுப்பிய அதே அலுவலகம் மாலையில் கட்டாய உழைப்பு முகாமுக்குப் பெயர்ப்பட்டியல் தயாரித்தது. கஞ்சி ஊற்றும் கையையும் பட்டியல் எழுதும் கையையும் பிரிக்க முடியாதபடி பிணைத்துவைத்தார்கள். மக்களின் ஆத்திரம் பெர்லினை எட்டவில்லை. அது பக்கத்துத் தெருவில் இருந்த மன்ற அலுவலகத்தின் கதவைத்தான் தட்டியது. அப்படித்தான் நடக்க வேண்டும் என்று திட்டமிட்டே செய்தார்கள்.

மறுத்தவர்களுக்கு என்ன நேர்ந்தது? லிவிவ் நகர மன்றத்தின் முதல் தலைவர் யோசெப் பர்னாஸ், வேலை முகாமுக்கு ஆட்களை ஒப்படைக்க மறுத்து 1941-இல் சுட்டுக் கொல்லப்பட்டார். மின்ஸ்க் மன்றத்தின் இலியா முஷ்கின் காட்டில் இருந்த கெரில்லாக்களுக்கு உதவினார்; அவரும் உயிரோடு விடப்படவில்லை. லோட்ஸிலேயே ரும்கோவ்ஸ்கிக்குத் துணையாக அமைக்கப்பட்ட முதல் ஆலோசனைக் குழுவினரை 1939 நவம்பரில் கைதுசெய்து, பெரும்பாலானோரைக் கொன்றுவிட்டார்கள். எஞ்சிய தலைவர் எந்தப் பாடத்தைக் கற்றுக்கொண்டிருப்பார் என்பதை ஊகிக்கலாம். மறுத்த மறுநாளே அந்த நாற்காலியில் வேறொருவர் உட்கார வைக்கப்பட்டார். வேலை நிற்கவில்லை.

ரும்கோவ்ஸ்கி 1877-இல் பிறந்தவர். காப்பீட்டு முகவராக இருந்தார், துணித்தொழிலில் இறங்கினார், போருக்கு முன்பு யூத அநாதைக் குழந்தைகளுக்கான இல்லம் ஒன்றை நடத்தினார். அந்தக் காலத்தில் அவர் குழந்தைகளிடம் பாலியல் அத்துமீறலில் ஈடுபட்டார் என்ற குற்றச்சாட்டும், கெட்டோவில் இளம்பெண்களிடம் அவ்வாறு நடந்துகொண்டார் என்று தப்பிப்பிழைத்தவர் அளித்த சாட்சியமும் உண்டு. அவரை 1939 அக்டோபரில் ஜெர்மானியர் தலைவராக நியமித்தார்கள். 1940 ஏப்ரல் இறுதியில் கெட்டோ மூடப்பட்டபோது ஏறத்தாழ 1,60,000 பேர் சுமார் நான்கு சதுர கிலோமீட்டருக்குள் அடைபட்டிருந்தார்கள். வார்சாவில் சாக்கடை வழியாகவும் சுவர் ஓட்டைகள் வழியாகவும் உணவு கடத்தி உள்ளே கொண்டுவர முடிந்தது. லோட்ஸ் கெட்டோ அமைந்த பலூட்டி பகுதியில் பாதாளச் சாக்கடையே கிடையாது. சுற்றிலும் ஜெர்மானியர் குடியேற்றப்பட்டிருந்தார்கள். வெளியில் செல்லாத தனி நாணயம் ஒன்றும் அச்சிடப்பட்டது. ரொட்டிக்கு ஒரே வழி ரும்கோவ்ஸ்கியின் நிர்வாகம்தான் என்றானது.

அவருடைய திட்டம் எளிமையானது: 'நமக்கு ஒரே வழி உழைப்பு.' ஜெர்மன் ராணுவத்துக்குச் சீருடை தைப்பது, காலணி செய்வது, வைக்கோலில் காலுறை பின்னுவது எனச் சுமார் நூறு பட்டறைகள் இயங்கின. கெட்டோவை நிர்வகித்த ஹான்ஸ் பீபோவ், பிரேமனைச் சேர்ந்த காப்பி வணிகர். அவர் லாபத்தில் கண்ணாக இருந்தார். லாபம் வரும் வரை நம்மைக் கொல்ல மாட்டார்கள் என்று ரும்கோவ்ஸ்கி கணக்குப் போட்டார். கணக்கில் ஓரளவு பொருளும் இருந்தது. வார்சா கெட்டோ 1943 மே மாதத்தில் தரைமட்டமாகிவிட்டது. லோட்ஸ் கெட்டோ 1944 ஆகஸ்ட் வரை நீடித்தது. போலந்து மண்ணில் கடைசியாக எஞ்சியிருந்த பெரிய கெட்டோ அதுதான்.

அவருக்காக வாதாடுகிறவர்கள் இந்த இடத்தில் ஒரு கேள்வி எழுப்புகிறார்கள். 1944 ஜூலை இறுதியில் சோவியத் செஞ்சேனை விஸ்டுலா ஆற்றை எட்டிவிட்டது. லோட்ஸுக்கு அங்கிருந்து 100 கிலோமீட்டருக்குச் சற்றுக் கூடுதலான தூரம்தான். படை நிற்காமல் வந்திருந்தால் சுமார் 70,000 பேர் உயிரோடு மீண்டிருப்பார்கள். ரும்கோவ்ஸ்கி தன் மக்களைக் காத்த தியாகியாகப் போற்றப்பட்டிருப்பாரே? படை நின்றது. ஆகஸ்டில் 60,000-க்கும் மேற்பட்டவர்கள் ஆஷ்விட்ஸுக்கு ஏற்றப்பட்டார்கள். ரும்கோவ்ஸ்கியும் அந்த மாதக் கடைசியில் தன் குடும்பத்தோடு ரயிலேறி அங்கேயே கொல்லப்பட்டார். 1945 ஜனவரியில் சோவியத் படை நகருக்குள் நுழைந்தபோது கெட்டோவில் இருந்தவர்கள் 877 பேர்.

இந்த வாதத்தை நான் ஏற்கவில்லை. சோவியத் டாங்கிகள் எந்த ஆற்றங்கரையில் நின்றன என்பதைப் பொறுத்து ஒரு மனிதர் தியாகியாகவோ துரோகியாகவோ மாறுவார் என்றால், நாம் எடைபோடுவது அவரை அல்ல, போர்முனையின் போக்கை. விளைவை அளவுகோலாக்கினால் கிட்டத்தட்ட எல்லா மன்றத் தலைவர்களும் தோற்றவர்களே. ஏறக்குறைய எல்லா கெட்டோக்களும் அழிந்தன. அவர்களுக்கு இல்லாத அதிகாரத்தைக் கொண்டு அவர்களை அளப்பது நியாயம் ஆகாது. இருந்த கொஞ்சம் அதிகாரத்தை, அந்த ஒரு சாண் இடத்தை, யாருக்காகப் பயன்படுத்தினார்கள் என்பதைத்தான் கேட்க வேண்டும்.

அந்தக் கேள்வியைக் கேட்டால் ரும்கோவ்ஸ்கியின் படம் மிகவும் கருமையாகிறது. 1940-இல் பசியால் தெருவில் இறங்கிய மக்களைக் கலைக்க ஜெர்மன் போலீஸின் உதவியை நாடியவர் அவர். 1942 ஜனவரியில் நாடுகடத்தல் தொடங்கியபோது ஜெர்மானியர் கேட்ட 20,000 பேரைப் பாதியாகக் குறைத்ததாகப் பெருமையோடு அறிவித்தார். அந்தப் பாதியை நிரப்பும் பட்டியலை அவருடைய குழு எழுதியது. கெட்டோ நீதிமன்றத்தில் தண்டனை பெற்றவர்கள் தங்கள் குடும்பத்தோடு சேர்க்கப்பட்டார்கள். நிவாரண உதவியை நம்பியிருந்த ஏழைகள் அடுத்து வந்தார்கள். விறகுத் துண்டு திருடியதற்காகவும் உருளைக்கிழங்கு திருடியதற்காகவும் தண்டிக்கப்பட்டவர்கள் இருந்த ஊர் அது என்பதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். மே மாதம், வியன்னா, பிராக், பெர்லின் முதலிய நகரங்களிலிருந்து கொண்டுவரப்பட்டு அங்கே வேர்பிடிக்காமல் தவித்த யூதர்களில் ஏறத்தாழ 11,000 பேர் அனுப்பப்பட்டார்கள். மே இறுதிக்குள் செல்ம்னோவுக்குப் போனவர்கள் சுமார் 55,000. தன்னை எதிர்த்தவர்களின் பெயர்களையும் அவர் பட்டியலில் சேர்த்தார் என்பது அக்காலத்தவர் சொல்லும் குற்றச்சாட்டு. யாரெல்லாம் போனார்கள் என்று பார்த்தால் செப்டம்பர் மாத விலக்கு திடீரென்று முளைத்ததல்ல என்பது தெரியும்.

வார்சாவில் ஆடம் செர்னியாகோவ் வேறு மாதிரியான மனிதர். பொறியாளர். 1939 செப்டம்பரில், நகரம் முற்றுகைக்குள் இருந்தபோது வார்சா மேயரால் யூதச் சமூகத்தின் தலைவராக நியமிக்கப்பட்டவர். வெளிநாடு போகக் கிடைத்த வாய்ப்பைப் பயன்படுத்தாமல் தங்கினார். தப்பிப்போன தலைவர்களைப் பற்றித் தன் நாட்குறிப்பில் கசப்போடு எழுதினார். சுமார் 4,00,000 பேர் நெரிசலில் வாடிய கெட்டோவில் குழந்தைகளுக்கு விளையாட்டுத் திடல் அமைத்துத் திறந்துவைத்தார். 1942 ஜூலை 20 அன்று, நாடுகடத்தல் வரப்போகிறது என்ற வதந்தி உண்மையா என்று ஜெர்மன் அலுவலகம் ஒவ்வொன்றாகப் படியேறி விசாரித்தார். எல்லா இடத்திலும் அபத்தமான வதந்தி என்றே பதில் கிடைத்தது. ஜூலை 22 காலையில் நாஜிகளின் எஸ்.எஸ். படை அதிகாரி ஹெர்மன் ஹோஃப்லெ வந்து உத்தரவைச் சொன்னார்: நாளொன்றுக்கு 6,000 பேர். அநாதைக் குழந்தைகளையாவது விட்டுவிடும்படி செர்னியாகோவ் கேட்டார். உறுதி எதுவும் கிடைக்கவில்லை. நாடுகடத்தலுக்குத் தடை வந்தால் முதலில் அவருடைய மனைவி சுடப்படுவார் என்று மிரட்டினார்கள். மறுநாள் மாலை தன் அலுவலகத்திலேயே சயனைடு விழுங்கி இறந்துபோனார். தன் இனத்துக் குழந்தைகளைத் தன் கையாலேயே கொல்லச் சொல்கிறார்கள், சாவதைத் தவிர வேறு வழியில்லை என்ற பொருளில் ஒரு குறிப்பை விட்டுச்சென்றார்.

அவர் போனதால் ரயில் நிற்கவில்லை. இரண்டு மாதங்களில் சுமார் 2,65,000 பேர் ட்ரெப்லிங்கா கொலை முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். கெட்டோவுக்குள்ளேயே அவருடைய சாவு குறித்து ஒருமித்த கருத்து இருக்கவில்லை. ரகசிய ஆவணக் குழுவை நடத்திய வரலாற்றாளர் எம்மானுவேல் ரிங்கெல்ப்ளூம், தற்கொலை காலம் கடந்த செயல், பலவீனத்தின் அடையாளம், எதிர்த்து நிற்கும்படி மக்களை அழைத்திருக்க வேண்டும் என்று குறித்துவைத்தார். வார்சா கெட்டோ எழுச்சியில் உயிர்தப்பிய தளபதி மாரெக் எடெல்மனும், செர்னியாகோவ் தன் சாவைத் தன் சொந்த விஷயமாக்கிக்கொண்டார் என்று குறைகூறினார். எனக்கு இந்த விமர்சனம் நியாயமாகப் படுகிறது, ஆனால் முழுமையாக அல்ல. ஏமாற்றுகிறார்கள் என்று உறுதியான அந்த ஒரு நாளில் அவர் அறிந்ததை ஊர் அறிந்திருந்தால் சிலராவது ஒளிந்திருப்பார்கள். அதே நேரம், அவர் தன் கையெழுத்தைக் கொடுக்கவில்லை. யாரை விடுவது, யாரை ஏற்றுவது என்று அவர் பொறுக்கவில்லை.

பொறுக்கலாமா என்ற கேள்வி யூத மரபுக்குப் புதியதல்ல. 12-ஆம் நூற்றாண்டில் யூதச் சட்ட அறிஞர் மைமோனிடிஸ் வகுத்த சட்டம் தெளிவாகவே இருக்கிறது: உங்களில் ஒருவரைக் கொடுங்கள், இல்லையேல் எல்லோரையும் கொல்வோம் என்று எதிரிகள் மிரட்டினாலும், ஒரே ஓர் உயிரையும் ஒப்படைக்கக் கூடாது, எல்லோரும் சாக வேண்டும். லிதுவேனியாவின் வில்னா கெட்டோவில் ரபிகள் இதை கெட்டோ தலைவர் யாகோப் கென்ஸிடம் எடுத்துச்சொன்னார்கள். கென்ஸ் முன்னாள் ராணுவ அதிகாரி. யூதரல்லாத மனைவியின் துணையோடு வெளியே பிழைத்திருக்கக்கூடியவர். அவர் ரபிகளின் பேச்சைக் கேட்கவில்லை. 1942 அக்டோபரில் அவருடைய காவலர்கள் ஒஸ்மியானா என்ற சிற்றூருக்குப் போய் 406 முதியவர்களைக் கொலைக்குப் பொறுக்கிக் கொடுத்தார்கள். ஜெர்மானியர் 1,500 பேரைக் கேட்டார்கள், பெண்களையும் குழந்தைகளையும் விட்டுவைக்கவே முதியவர்களைக் கொடுத்தேன் என்று அவர் வெளிப்படையாகவே சொன்னார். 1943 செப்டம்பரில் நாஜிகளின் ரகசியப் போலீஸான கெஸ்டாபோ அவரையும் சுட்டுக் கொன்றது.

லிதுவேனியாவின் இன்னொரு நகரமான கோவ்னோவின் கெட்டோவுடைய கதையை எடுத்துக்கொள்வோம். நல்லவர் என்று ஏறத்தாழ எல்லோரும் ஒப்புக்கொள்ளும் தலைவர் இருந்த இடம் அது. மருத்துவர் எல்ஹனான் எல்க்கஸைத் தலைவராக ஏற்கும்படி 1941 ஆகஸ்டில் சமூகத்தார் கூடிக் கெஞ்சினார்கள். அவர் தயங்கித் தயங்கியே சம்மதித்தார். அக்டோபர் இறுதியில் கெட்டோவாசிகள் எல்லோரும் 28-ஆம் தேதி காலை திடலில் கூட வேண்டும் என்று உத்தரவு வந்தது. அறிவிப்பைத் தன் பெயரில் ஒட்டலாமா என்று மன்றத்துக்குத் தெரியவில்லை. முதியவரும் நோயாளியுமான ரபி அவ்ரஹாம் ஷபீரோவிடம் நள்ளிரவில் போய்க் கேட்டார்கள். அவர் இரவு முழுக்கச் சாத்திர நூல்களைப் புரட்டிவிட்டு, ஒரு பகுதியையாவது காப்பாற்ற வழி உண்டென்றால் தலைவர்கள் மனதைத் திடப்படுத்திக்கொண்டு பொறுப்பேற்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னார். அறிவிப்பு ஒட்டப்பட்டது. அன்று பிரிக்கப்பட்டு மறுநாள் ஒன்பதாம் கோட்டை என்ற கொலைக்களத்தில் சுடப்பட்டவர்கள் 9,200 பேர். ஜெர்மானியரின் சொந்த அறிக்கையின்படி அவர்களில் 4,273 பேர் குழந்தைகள். கொலைக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 100 பேரை மீட்க அனுமதி வாங்கிக்கொண்டு போன எல்க்கஸைக் காவலர்கள் அடித்து வீழ்த்தினார்கள்.

ஆக, எல்க்கஸின் மன்றமும் அறிவிப்பு ஒட்டியது. அவருடைய கெட்டோவும் அழிந்தது. அவரும் 1944-இல் டாஹவ் முகாமின் கிளையொன்றில் இறந்தார். ஆனால் அவர் கட்டுப்பாட்டில் இருந்த ஒரு சாண் இடம் வேறு திசையில் பயன்பட்டது. காட்டுக்குத் தப்பிப்போகும் இளைஞர்களுக்கு மன்றம் ரகசியமாக உதவியது. கெட்டோ காவலர்களில் பலர் தலைமறைவு இயக்கத்துக்குப் பயிற்சி அளித்தார்கள். 1944 மார்ச் 27 அன்று எஞ்சியிருந்த குழந்தைகளைப் பிடிக்க ஜெர்மானியர் வந்தபோது முதலில் காவலர்களைச் சுற்றிவளைத்து ஒன்பதாம் கோட்டைக்கு இழுத்துச்சென்று, குழந்தைகள் ஒளிந்திருக்கும் பதுங்கிடங்களைச் சொல்லும்படி சித்திரவதை செய்தார்கள். சிலர் உடைந்துபோனார்கள். தலைவர் மோஷே லெவின் உள்ளிட்ட சுமார் 40 பேர் வாய்திறக்காமல் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அன்றும் மறுநாளும் 1,000-க்கும் அதிகமான குழந்தைகளும் முதியவர்களும் பறிபோகவே செய்தார்கள். லோட்ஸில் காவலர்களின் குழந்தைகளுக்கு விலக்கு இருந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும்.

போருக்குப் பிறகு இந்த வழக்கை யார் விசாரிப்பது என்பதே ஒரு பிரச்சினையாகிவிட்டது. போலந்தில் யூதர்களின் மத்தியக் குழு 1946-இல் சமூக நீதிமன்றம் ஒன்றை நிறுவியது. இஸ்ரேல் 1950-இல் நாஜிகளையும் அவர்களோடு ஒத்துழைத்தவர்களையும் தண்டிக்கும் சட்டத்தை இயற்றியது. தொடக்க ஆண்டுகளில் அந்தச் சட்டத்தின் கீழ் கூண்டில் நின்றவர்கள் பெரும்பாலும் தப்பிப்பிழைத்த யூதர்களே: முகாம் மேற்பார்வையாளர்கள், கெட்டோ காவலர்கள். பெரிய மன்றத் தலைவர்கள் ஏறக்குறைய எல்லோரும் கொல்லப்பட்டுவிட்டார்கள்.

1963-இல் அரசியல் சிந்தனையாளர் ஹன்னா அரெண்ட், யூதத் தலைவர்களின் ஒத்துழைப்பு இல்லாமலிருந்தால் குழப்பம் மிகுந்திருக்கும், ஆனால் பலியானோர் எண்ணிக்கை இவ்வளவு உயர்ந்திருக்காது என்று எழுதியபோது பெரும் கொந்தளிப்பு எழுந்தது. துணிவான கூற்று, ஆனால் ஆதாரத்தின் முன் நிற்கவில்லை. கீவ் நகரில் 1941 செப்டம்பர் இறுதியில் இரண்டே நாட்களில் 33,771 யூதர்கள் பாபி யார் என்ற பள்ளத்தாக்கில் சுடப்பட்டார்கள். அங்கே கெட்டோவும் இல்லை, மன்றமும் இல்லை, பட்டியல் எழுதிக்கொடுத்த மூத்தவரும் இல்லை. சுவரொட்டி ஒன்று போதுமானதாக இருந்தது. மன்றங்கள் கொலையை எளிதாக்கிய இடங்கள் உண்டு என்பதை மறுக்க முடியாது. கொலைக்கு அவை தேவைப்பட்டன என்பது வேறு கூற்று.

1964-இல் இஸ்ரேல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு மேல்முறையீடு வந்தது. போலந்தின் பெஞ்சின் கெட்டோ காவல் தலைவராக இருந்த ஹிர்ஷ் பாரன்ப்ளாட்டுக்குக் கீழ்நீதிமன்றம் ஐந்தாண்டு சிறை விதித்திருந்தது. உச்ச நீதிமன்றம் அவரை விடுவித்தது. யூதர்களின் நாடுகடத்தலை ஒழுங்கமைத்த நாஜி அதிகாரி ஐக்மனின் வழக்கை விசாரித்த அதே நீதிபதி மோஷே லண்டாவ், அவர்கள் நின்ற இடத்தில் ஒருபோதும் நிற்காத நாம், மனிதத்தன்மை நசுக்கப்பட்ட நிலையில் அறத்தின் உச்சத்துக்கு உயராத சிறிய மனிதர்களைக் குறைகூறுவது ஆணவமாகும் என்ற கருத்தைத் தீர்ப்பில் எழுதினார். குற்றவியல் நீதிமன்றத்தில் ஒரு மனிதரைச் சிறைக்கு அனுப்பலாமா என்ற கேள்விக்கு அது சரியான பதில். வரலாறு எழுதுகிறவர்கள் அதைக் காரணம்காட்டி வாய்மூடிக்கொள்ள வேண்டியதில்லை. அவர்கள் நின்ற அதே இடத்தில் நின்றவர்களும் இதைப் பேசத்தான் செய்தார்கள்.

அதே 1964-இல், சோவியத் லிதுவேனியாவில் பழைய கோவ்னோ கெட்டோ இருந்த இடத்தில் மண்ணுக்குள்ளிருந்து ஒரு மரப்பெட்டி கிடைத்தது. அதில் கெட்டோ காவலர்களின் ஆவணங்கள் இருந்தன. கூடவே, காவலர்கள் சிலர் 1942, 1943 ஆண்டுகளில் ரகசியமாக, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான இட்டிஷ் மொழியில் எழுதிய தங்கள் அமைப்பின் வரலாறும் இருந்தது. சோவியத் அதிகாரிகள் அதைப் பல்லாண்டுகள் வெளியே காட்டவில்லை. தங்கள் ஆட்கள் லஞ்சம் வாங்கியதையும், மக்களைத் தடியால் அடித்ததையும், செல்வாக்குள்ளவர்களுக்கு ஒரு நீதி இல்லாதவர்களுக்கு ஒரு நீதி என்று நடந்ததையும் அந்தக் காவலர்களே அதில் எழுதிவைத்திருக்கிறார்கள்.